நாற்பத்தோராயிரம் ரூபாய் சைக்கிளுக்கு எண்பத்தொன்பதாயிரத்துக்குச் சாமான் வாங்கிய கதை

2018 தீபாவளி போனஸ் கையில் வந்த வாரமே என் முதல் ரோட் பைக்கை வாங்கிவிட்டேன். 41,000 ரூபாய். அலுமினிய ஃப்ரேம், கார்பன் ஃபோர்க், ஷிமானோ கம்பெனியின் கிளாரிஸ் 8 ஸ்பீடு கியர் (பின்வீலில் எட்டுப் பல்சக்கரம்), ரிம்மைப் பிடிக்கிற சாதா பிரேக். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் மெஷின் ஷாப்பில் எனக்கு வேலை. எட்டு மணி ஷிஃப்டுக்குப் போகவேண்டும் என்பதால் விடிகாலை நாலரைக்குக் கிளம்பி ஆனைகட்டி ரோட்டிலோ சிறுவாணி ரோட்டிலோ நாற்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டு வருவேன். மாதத்தில் ஒரு ஞாயிறு மேட்டுப்பாளையம் போய் அங்கிருந்து கோத்தகிரி ஏற்றம். பஞ்சரை விட்டால் நாலு வருஷத்தில் அந்த சைக்கிள் என்னை ஒருநாள்கூட நடுரோட்டில் நிறுத்தியதில்லை. தொந்தரவு ஆரம்பித்தது என் பக்கத்திலிருந்துதான்.

2022 ஆரம்பத்தில் நேரம் குறித்துத் தனித்தனியாக ஓட்டுகிற ஒரு 40 கிலோமீட்டர் டைம் ட்ரயலில் கலந்துகொண்டேன். 1 மணி 17 நிமிஷம். எங்களோடு காலையில் ஓட்டுகிற இரண்டு பையன்கள் 1 மணி 10 நிமிஷத்துக்குள் முடித்துவிட்டார்கள். முடிந்ததும் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது அதில் ஒருவன் என் சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இஞ்சின் நல்லாத்தானுங்ணா இருக்குது, வண்டிதான் பழசு” என்றான். பாராட்டா கிண்டலா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கொடுத்த விலை 89,000 ரூபாய்.

புது சைக்கிளா, இருப்பதையே மேம்படுத்துவதா என்று ஒரு மாதம் மண்டையைக் குடைந்தேன். ஷிமானோவில் 105 என்கிற மேல்ரக கியர் போட்ட புது சைக்கிள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டி நின்றது. அதற்கு ஒரு படி கீழே டியாக்ரா 10 ஸ்பீடு, டிஸ்க் பிரேக் என்றால் சுமார் 1,20,000. அவ்வளவு பெரிய தொகையை மொத்தமாக எடுத்து வைக்கக் கை நடுங்கியது. “இப்போதைக்கு கியர் மட்டும் மாத்திக்கலாம், அப்புறம் வீல், அப்புறம் பார்த்துக்கலாம்” என்று மனசு சமாதானம் சொன்னது. இங்கேதான் நான் ஏமாந்தேன். ஒன்றே கால் லட்சம் என்றால் வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும். எட்டாயிரம், நாலாயிரம் என்று போகிற பணத்துக்கு யாரையும் கேட்கத் தோன்றாது, நம்மையே நாம் கேட்டுக்கொள்வதுகூட இல்லை. நீங்கள் இந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தால் முதல் சாமானை வாங்குவதற்கு முன்பே கடைசிச் சாமான்வரை எழுதிக் கூட்டுத்தொகை போட்டுப் பாருங்கள். நான் கூட்டிப் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு.

பெங்களூரில் ஒருவர் டிஸ்க் பிரேக் சைக்கிளுக்கு மாறுகிறார் என்று 105 குரூப்செட்டை 36,000 ரூபாய்க்கு விற்றார். கியர் மாற்றுகிற லீவரான ஷிஃப்டர், செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளுகிற டெரெய்லர் முன்னும் பின்னும், பிரேக், பெடல் மாட்டுகிற கிராங்க் எல்லாம் சேர்த்து. ஆர்7000 என்கிற 11 ஸ்பீடு மாடல். பார்சல் கம்பெனிக்கே வந்தது. வீட்டு விலாசம் கொடுக்கவில்லை, காரணம் உங்களுக்கே புரியும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டியைப் பிரித்து, செய்தித்தாளில் சுற்றியிருந்த ஷிஃப்டரை எடுத்து லீவரை அழுத்திப் பார்த்தபோது வந்த அந்த ‘டிக்’ சத்தம் இருக்கிறதே! அதற்கு மேல் யோசிக்கிற புத்தி வேலை செய்யவில்லை.

அடுத்த ஞாயிறு, பின்வீலின் பல்சக்கர அடுக்கான கேசட்டை, 11 ஸ்பீடு கேசட்டை, பழைய வீலில் மாட்டப் போனேன். கடைசிப் பல்சக்கரம் உட்கார மாட்டேன் என்கிறது. விஷயம் இதுதான்: ஷிமானோவில் 8, 9, 10 ஸ்பீடு கேசட்டுகளுக்கெல்லாம் ஒரே நீள ஃப்ரீஹப், அதாவது வீலின் ஹப்பில் கேசட் உட்காருகிற உருளை. ரோட் பைக்கில் 11 ஸ்பீடு வந்தபோது அது 1.85 மில்லிமீட்டர் நீண்டுவிட்டது. 11க்கான ஹப்பில் 1.85 மி.மீ. வளையம் ஒன்றைப் போட்டுப் பழைய 8, 9 ஸ்பீடு கேசட்டை மாட்டலாம்; பழைய ஹப்பில் புதியதை மாட்ட முடியாது. வேலையில் நான் தினமும் மைக்ரான் கணக்கில் அளவு பார்க்கிறவன். கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டரை, அதுவும் சொந்தக் காசில், பார்க்காமல் விட்டிருக்கிறேன். கேசட்டின் பின்பக்கத்தை லேத்தில் பிடித்துக் கடைந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் வெளிநாட்டிலிருந்து ஒரு வீல்செட் வரவழைத்தேன். 24,500 ரூபாய். சுங்க வரி என்று 9,400 ரூபாய் தனியாகக் கட்டிய பிறகே கூரியர்காரர் பெட்டியைக் கையில் கொடுத்தார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், 11 ஸ்பீடிலேயே 11-34 கேசட் (சின்னப் பல்சக்கரத்தில் 11 பல், பெரியதில் 34) ஒன்று மலை சைக்கிள் அளவில் வருகிறது. எச்ஜி700, எச்ஜி800 என்று இரண்டு மாடல். அது பழைய ஹப்பிலேயே உட்காரும். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தும் பிரயோஜனமில்லை, ஏனென்றால் நான் வாங்கிய பின் டெரெய்லரில் செயினை இழுத்துப் பிடிக்கிற கூண்டு குட்டை. அது 30 பல்லுக்கு மேல் தாங்காது. 34க்கு நீளக் கூண்டு வேண்டும். ஆகவே கியர் மாற்ற நினைப்பவர்கள் ஷிஃப்டரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். எந்த ஏற்றத்தில் ஓட்டப்போகிறீர்கள், அதற்குப் பின்னால் எத்தனை பல் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்தக் கேசட் உங்கள் ஹப்பில் உட்காருமா, அதை எந்தக் கூண்டு தாங்கும் என்று பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். இன்னொன்று, டியாக்ரா 4700 10 ஸ்பீடாக இருந்தாலும் கேபிள் இழுக்கும் அளவில் 11 ஸ்பீடு இனம். அதற்கு முந்தைய 10 ஸ்பீடு ஷிஃப்டர்களோடு சேராது. பழைய சாமான் வாங்கும்போது ‘10 ஸ்பீடுதானே’ என்று நம்பி எடுத்து மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து கிராங்க். என் சைக்கிளில் கிளாரிஸ் என்று எழுதியிருந்தாலும் கிராங்க் மட்டும் வேறு கம்பெனியுடைய சதுர அச்சுக்காரன். விலையைக் குறைக்கச் செய்கிற வழக்கமான வேலை அது. 105 கிராங்குக்கு 24 மில்லிமீட்டர் உருளை அச்சு, அதற்கு, அச்சைத் தாங்குகிற பாட்டம் பிராக்கெட்டையே மாற்றவேண்டும். நானே கழற்றுகிறேன் என்று உட்கார்ந்தேன். அதன் வலப்பக்கக் கப்பில் டூலை மாட்டி, மூன்றடி பைப்பைச் சொருகி, மேலே ஏறி நிற்காத குறையாக அழுத்தினேன். டூல் வழுக்கியது. கப்பின் பற்கள் மழுங்கிப் போயின. என் விரல் முட்டி நேராக ஃப்ரேமில் போய்க் குத்தியது. துணியைச் சுற்றிக்கொண்டு தெருமுனையில் புளியமரத்தடியில் சைக்கிள் கடை வைத்திருக்கிற பெரியவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். கையைப் பார்த்தார், கப்பைப் பார்த்தார். “தம்பி, வலது பக்கம் எதிர்மரையாச்சுங்களே. நீங்க கழட்டலீங்க, இறுக்கீட்டு இருந்திருக்கறீங்க” என்றார். இடது பெடல் எதிர்மரை என்று எனக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான் என்பது அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, மறுநாள் உளி வைத்துத் தட்டித் தட்டிக் கழற்றித் தந்தார். அவர் கேட்டது 150 ரூபாய். பாட்டம் பிராக்கெட், வீணாய்ப்போன டூல், புது டூல் எல்லாம் சேர்ந்து 4,000. கேசட், செயின், கேபிள், ஹேண்டில்பார் டேப் 8,100.

பழைய கிளாரிஸ் சாமான்களை ஒரு காலேஜ் பையனுக்கு 4,500 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். அதுவும் தப்பு. நாளைக்கு சைக்கிளை விற்கவேண்டி வந்தால், வாங்குகிறவர் நீங்கள் போட்ட 105க்குப் பணம் தரமாட்டார். ஃப்ரேமின் பெயரையும் வருஷத்தையும் பார்த்துத்தான் விலை பேசுவார். பழைய சாமான் கையில் இருந்தால் அதைத் திரும்ப மாட்டி விற்றுவிட்டு, நல்லதை நாம் வைத்துக்கொள்ளலாம். ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் வைப்பதில் என்ன நஷ்டம்?

எல்லாம் மாட்டி முடித்து எடை போட்டால் 10.6 கிலோவாக இருந்தது 9.7 ஆகியிருந்தது. தொள்ளாயிரம் கிராம். அப்போது என் எடை 78. ஆளும் சைக்கிளுமாகச் சேர்ந்த எடையில் இது ஒரு சதவீதம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர், 1,400 மீட்டருக்கு மேல் ஏற்றம். எனக்கு 2 மணி 20 நிமிஷம் பிடிக்கும். ஒரு சதவீதம் என்றால் ஒன்றரை நிமிஷம்கூட இல்லை. கடலைமிட்டாயைக் குறைத்திருந்தாலே இந்த எடை போயிருக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை.

உண்மையில் நடந்தது அதைவிட மோசம். பழைய சைக்கிளில் முன்னால் 34, பின்னால் 32 பல். புதுக் கேசட் 11-28. அதாவது என் மிக லேசான கியர் முன்னைவிடச் சுமார் 14 சதவீதம் கனமாகிவிட்டது. அந்த நவம்பரில் கோத்தகிரி ஏறியபோது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முட்டியைப் பிடுங்கி எடுத்தது. ஒரு வளைவில் இறங்கி, மைல்கல்மேல் உட்கார்ந்து, என் பளபளக்கும் 105ஐப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரங்கு ஒன்றும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்தது. 2 மணி 31 நிமிஷம். பணம் செலவழித்துப் பதினோரு நிமிஷம் மெதுவாகிவிட்டேன்.

அன்று மாலைதான் வீட்டில் மாட்டிக்கொண்டேன். முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தபோது மேசைமேல் கிடந்த சுங்க ரசீதை மனைவி எடுத்துப் பார்த்தாள். மறைக்க முடியாமல் எல்லாக் கணக்கையும் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். “ஏனுங்க, வண்டி நாப்பத்தியோராயிரம், அதுக்குச் சாமான் எண்பத்தொம்போதாயிரமுங்களா? அப்ப புதுசே வாங்கியிருக்கலாமல்லங்க?” என்றாள். அவ்வளவுதான். சீட்டு எடுத்த பணத்தில் பெரும்பகுதி அதில் போயிருந்தது. அந்தக் கேள்வி அவள் கத்தியிருந்தால் வலித்திருப்பதைவிட அதிகமாக வலித்தது, ஏனென்றால் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த 89,000இல் மனசாரச் சரி என்று சொல்லக்கூடியது 7,000 ரூபாய் மட்டுமே. டயர் ஒரு ஜோடி. கம்பெனி போட்டுக்கொடுத்த கம்பி விளிம்பு டயரை 120 பிஎஸ்ஐ அடித்துக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டு ஓட்டினால்தான் வேகம் என்று நாலு வருஷம் நம்பியிருந்தேன். நல்ல மெல்லிய 25 மி.மீ. டயரை 90இல் ஓட்டிய முதல் காலையே வித்தியாசம் தெரிந்தது. வடவள்ளி தாண்டி இருக்கிற சொரசொரப்பான ரோட்டில் கை மரத்துப்போகிற நேரமே தள்ளிப்போய்விட்டது. இதிலிருந்து நானாகப் பிடித்துக்கொண்ட ஒரு கணக்கு உண்டு. ஒரு சாமானை வாங்குமுன், இது அடுத்த சைக்கிளுக்குக் கூட வருமா என்று கேட்டுக்கொள்வது. டயர், பெடல், ஷூ, சீட் எல்லாம் கூட வரும். ரிம் பிரேக் வீல் வராது. ரிம் பிரேக் ஃப்ரேமில் பின்பக்க அகலம் 130 மி.மீ., இன்றைய டிஸ்க் ஃப்ரேமில் 142, அச்சும் வேறு. நான் சைக்கிள் வாங்கிய அதே 2018இல், ஜூலையில்தான் சாலைப் போட்டிகளில் டிஸ்க் பிரேக்கை உலக சைக்கிள் சங்கமான யூசிஐ முழுமையாக அனுமதித்தது; அதற்கப்புறம் கம்பெனிகள் ரிம் பிரேக் ஃப்ரேமை மளமளவென்று நிறுத்திக்கொண்டு வந்தன. அடைபடப்போகிற தெருவில் நான் வீடு கட்டிக்கொண்டிருந்தேன்.

முட்டிவலி ஆறாமல் ஜனவரியில், உடம்புக்கு ஏற்ப சைக்கிளை அமைத்துத் தருகிற ஒரு பைக் ஃபிட்டரிடம் போனேன். 6,000 ரூபாய். பத்து நிமிஷம் ஓட்டவிட்டுப் பக்கவாட்டில் வீடியோ எடுத்தார். அப்புறம் என் உயரத்தைக் கேட்டார். 171 சென்டிமீட்டர். ஃப்ரேம் சைஸ் 56. “இதை உங்களுக்கு யாருங்க கொடுத்தது?” என்றார். 2018இல் கடையில் 56 மட்டும்தான் இருந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிற ஸ்டெம்மைச் சின்னதாக்கினால் சரியாகிவிடும் என்று சொன்னார்கள், நானும் நம்பினேன். கழுத்துவலி, கை மரப்பு, சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டே போனது எல்லாவற்றுக்கும் அங்கே பதில் இருந்தது. 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நம்மைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் காற்று. அதில் பெரிய பங்கு நம் உடம்புதான், சைக்கிள் இல்லை. நீட்டி முழக்கி வைத்த ஃப்ரேமில் நான் குனிந்து ஓட்ட வழியே இல்லாமல் இருந்தது. அந்த 6,000 ரூபாயை முதலில் செலவழித்திருந்தால், ‘இந்த ஃப்ரேமில் ஒரு ரூபாய்கூடப் போடாதே’ என்று அன்றே தெரிந்திருக்கும். அப்போதும் விட மனசு வரவில்லை. 80 மி.மீ. ஸ்டெம் மாட்டி ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

2023 மார்ச்சில் ஒரு ஞாயிறு சைக்கிளைக் கழுவும்போது, சீட்டிலிருந்து கீழே இறங்குகிற சீட் ட்யூப் பாட்டம் பிராக்கெட்டோடு சேர்கிற வெல்டிங் பக்கத்தில் முடி ஒட்டியிருக்கிற மாதிரி ஒரு கோடு. துடைத்தேன், போகவில்லை. நகத்தால் நெருடினேன், நகம் மாட்டியது. பெயின்ட் மட்டும் விரிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே கம்பெனிக்கு எடுத்துப்போனேன். அங்கே வார்ப்பு விரிசல் பார்க்க டை பெனிட்ரன்ட் ஸ்பிரே வைத்திருப்போம். அந்த இடத்தில் பெயின்டைத் தேய்த்து எடுத்துவிட்டு, சிவப்பை அடித்துப் பத்து நிமிஷம் விட்டு, சுத்தமாகத் துடைத்து, மேலே வெள்ளையை அடித்தோம். வெள்ளைப் பொடி காயக் காய, ஒரு சிவப்புக் கோடு ரத்தம் கசிகிற மாதிரி மேலே வந்தது. ஸ்கேல் வைத்தேன். 22 மில்லிமீட்டர்.

“கொண்டாங்க, டிக் வெல்டிங் போட்டரலாம்” என்று பக்கத்து ஷாப் நண்பர் உடனே கிளம்பினார். கோயம்புத்தூரில் இதற்கு ஆள் பஞ்சமே இல்லை. ஆனால் சைக்கிள் ஃப்ரேம்களில் அதிகம் வருகிற 6061 டி6 மாதிரி அலுமினியத்தைச் சூடு காட்டிப் பக்குவப்படுத்தித்தான் பலம் ஏற்றியிருப்பார்கள். திரும்ப வெல்டிங் வைத்தால் அதைச் சுற்றியிருக்கிற உலோகம் மெத்தென்று ஆகிவிடும். முழு ஃப்ரேமையும் மறுபடி உலையில் வைத்துப் பக்குவம் பண்ணினால்தான் பழைய பலம். கோத்தகிரி இறக்கத்தில் அறுபதில் வரும்போது அதை நம்பி உட்கார என்னால் முடியாது. வாரண்டி கேட்கலாமென்று பில்லைத் தேடினேன். கிடைத்தது, ஆனால் வெறும் வெள்ளைத்தாளாக. அந்த வழவழப்பான தாளில் அச்சு நாலைந்து வருஷத்தில் மறைந்துவிடும். பில் வாங்கிய அன்றே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாமான் எல்லாம் ரிம் பிரேக் சாமான் என்பதால் புது சைக்கிளுக்குப் போகவும் முடியாது. சென்னையில் ஒருவர் 54 சைஸ் அலுமினிய ஃப்ரேமும் ஃபோர்க்கும் 19,000 ரூபாய்க்கு வைத்திருந்தார். இந்தமுறை அவசரப்படவில்லை. பாட்டம் பிராக்கெட் மரையுள்ள வகைதானா, பின் அகலம் 130தானா, என் பிரேக் உட்காருமா என்று போனிலேயே கேட்டேன். அப்புறம் ராத்திரி பஸ் ஏறிப் போனேன், பையில் அந்த இரண்டு ஸ்பிரே டப்பாக்களோடு. “சார், இது என்ன, ஹோலி கொண்டாடப் போறீங்களா?” என்றார் விற்கிறவர். பெயின்டுக்கு மேலேயே பெனிட்ரன்ட் அடித்தால் முழுசாக நம்ப முடியாது என்பதால் டார்ச் அடித்து, நகத்தால் நெருடி, வெல்டிங் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு மணி நேரம். பாவம், அவர் இரண்டு தடவை காபி கொடுத்தார்.

ஆக, பழைய சைக்கிள் 41, சாமான் 89, ஃபிட்டிங் 6, ஃப்ரேம் 19. ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஐந்தாயிரம். இன்று நான் ஓட்டுவது இன்னொருவரிடமிருந்து கைமாறி வந்த ஃப்ரேமும் கைமாறி வந்த குரூப்செட்டுமாக ஒட்டுப்போட்ட சைக்கிள். நீளக் கூண்டு டெரெய்லரும் 11-34 கேசட்டும் மாட்டியாயிற்று, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, மனைவிக்குத் தெரியும். 2024இல் அதே 40 கிலோமீட்டரை 1 மணி 12 நிமிஷத்தில் முடித்தேன். அதில் எவ்வளவு ஃப்ரேம், எவ்வளவு குனிந்து உட்கார்ந்தது, இடையில் குறைந்த நாலு கிலோ எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கழுத்து வலிக்கவில்லை.

விரிசல் விட்ட பழைய ஃப்ரேம் சுவரில் ஆறு மாதம் தொங்கியது. ஒருநாள் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பையனுக்கு சைக்கிள் கட்டித் தர வேண்டும், 3,000 ரூபாய் தருகிறேன் என்றார். விரிசலைக் காட்டினேன். “பரவாலீங்க, பையன் ஸ்கூலுக்குத்தானுங்க போவான், வெல்டிங் வெச்சுக்கறனுங்க” என்றார். தரமுடியாது என்றேன். அவர் போன பிறகு ஃப்ரேமை வைஸில் பிடித்து ஆக்ஸா பிளேடால் கீழ்க்குழாயை நடுவில் அறுத்தேன். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் இரண்டு துண்டையும் தராசில் போட்டார். 1.7 கிலோ. 200 ரூபாய் கொடுத்தார்.